என் ஒன்பது வயதுக் குரல்

உருளைக்கிழங்கை பிஷ்கேக்கில் இறக்கிவிட்டு
வெறுமையாய்த் திரும்பிய லாரியில்
நாரின் ஊருக்கு வந்து சேர்ந்தது ஜிபெக்கின் பேசும் பலகை.
படம் படமாய் ஒரு திரை,
கன்னத்தருகே ஒரு மஞ்சள் பொத்தான்.
வெளிச்சம் கட்டம் கட்டமாய் நகரும்.
வேண்டிய படத்தில் அது நிற்கிற நொடியில்
கன்னத்தால் ஓர் இடி.

உள்ளே இருந்த ஆள் ரஷ்யன்.
ரயில் வரப்போவதைச் சொல்பவன் மாதிரி
'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்றான்.
வகுப்பே சிரித்தது. அவளும்தான்.
அதன்பின் அன்று முழுக்க
அவள் கன்னம் பொத்தான் பக்கம் போகவில்லை.

'யார் குரல் வேண்டும் உனக்கு?'
கேட்டுவிட்டு கல்புபு எஜே
விரலை வெளிச்சம்போல் நகர்த்தினார்,
பெஞ்சு பெஞ்சாக, முகம் முகமாக.
என்மேல் வந்தபோது ஜிபெக் இடித்தாள்.
ஏன் நான்? இன்றுவரை சொல்லவில்லை.
எனக்கு அப்போது சளி வேறு.

நிலக்கரி அறைதான் பள்ளியில் சத்தமில்லாத இடம்.
அங்கே உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
ஆம். இல்லை. குதிரை. வலிக்குது.
வகுப்பில் உள்ள எல்லார் பெயரும்.
'இன்னும்' என்பதற்கும் 'கொஞ்சம்' என்பதற்கும் நடுவே
நான் மூக்கை உறிஞ்சியதும் பதிவாகிவிட்டது.

எஜே புது விதி போட்டார்:
கேள்விக்குப் பின் பதினொரு மூச்சு
யாரும் வாயைத் திறக்கக் கூடாது.
வெளிச்சம் அவள் பதிலைத் தேடிப் போய்வர
அவ்வளவு ஆகும்.
முதலில் நெளிந்தோம்.
பிறகு கடைசி பெஞ்சு தல்கார்பெக்,
மூன்று வருடமாய் ஒரு கணக்குக்கும் கை தூக்காதவன்,
எட்டாவது மூச்சில் தூக்கினான்.
அவனுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஒருநாள் எஜேயின் மேசையிலிருந்த
குருத் உருண்டைகள் காணாமல் போயின.
'யார் எடுத்தது?'
பத்து மூச்சு. பதினொன்று.
'சய்கல்' என்றது என் குரல்.
'நானில்லை!' என்று கத்தினேன்,
அதே குரலில், வாயில் உப்போடு.

பிறகு ஊரைவிட்டுப் போனேன். தையற்கூடம், வாடகை அறை,
என் தொண்டை கரகரத்துத் தடித்தது.
ஜிபெக் கணக்கியல் படித்துத் தேறினாள்.
வேலைக்காக ஒரு கம்பளிக் கிடங்கிலிருந்து
தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள்.
வரவு செலவு பற்றி அவள் சரியாகவே சொன்னாள்.
அந்தப் பக்கத்து ஆள் சொன்னானாம்:
'பாப்பா, போனை அம்மாகிட்ட குடு.'

அன்றிரவே செய்தி வந்தது: வா. குரல் மாற்றணும்.

கணினியே செய்த குரல்கள் இப்போது கிடைக்கின்றன,
கிர்கிஸ் மொழியிலும்.
எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தாளாம்.
'யாருக்கும் சளியே பிடிக்கல' என்றாள்.

நிலக்கரி அறையில் இப்போது மின் அடுப்பு.
பட்டியலை அவளே தயாரித்திருந்தாள்.
ரசீது. நிலுவை. சம்பளம் போதாது.
கேட்காமல் என் நாற்காலியைத் தள்ளாதே.
அய்பெக் என்று ஒரு பெயர், மெதுவாகச் சொல்லவும் என்ற குறிப்போடு.
நான்காம் பக்கத்தில் வசவுகள்.

பழைய குரலில் எதையாவது வைத்துக்கொள்வாயா என்றேன்.
வெளிச்சம் நகர்ந்தது.
'சய்கல்' என்றாள், மூக்கடைத்த ஒன்பது வயதில்.
பிறகு எழுத்து எழுத்தாய்:
அது சாட்சியம். அழிக்கக் கூடாது.

வசவுகளில் மூன்றாவது
என் வாயால் வரவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள்,
வாய்ப்பாட்டுச் சத்தம்.
ஒலிவாங்கி திறந்தே இருந்தது.
ஜிபெக் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.
அவசரமே இல்லை அவளுக்கு.

ஒன்பதாவது மூச்சில் சொன்னேன்.